ஐந்தாவது குவளை

மகள் அனுப்பிய அட்டைப்பெட்டியில் பன்னிரண்டு சிறு பைகள் இருந்தன. பார்வைக்குத் தேநீர்ப் பைகளைப் போலத்தான். உள்ளே தேங்காய்ச் சிரட்டைக் கரி, உலர்த்திப் பொடித்த ஆரஞ்சுத் தோல், கைட்டோசான் (இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் பொருள்) மணிகள். "எந்தப் பானத்திலும் அரை மணி நேரம் போட்டு வையுங்கள், காரீயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் அனைத்தையும் இயற்கையாக உறிஞ்சிவிடும்" என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தார்கள். 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள் நான். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு இடங்களில் சிவப்பு மையால் வட்டமிடக் கை துறுதுறுத்தது.

முதல் தவறு சிறியது. பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறதே, அது உறிஞ்சுதல். இங்கே நடப்பது பரப்புக் கவர்தல். கரும்பலகையில் சுண்ணக்கட்டித் தூள் படிவதுபோல, உலோக அயனிகள் பொருளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியது உதிரவும் கூடும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும். இரண்டாவது தவறு "எந்தப் பானத்திலும்" என்பது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காரீயத்தை வீட்டில் அளக்க வழியில்லை. டி.டி.எஸ். மீட்டரை நீட்டிப் பார்ப்பவர்களுக்கும் சொல்கிறேன்: அது கரைந்த உப்புகளை மொத்தமாக, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் காட்டும். குடிநீரில் காரீயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம்தான். அந்த அளவுக்கு மீட்டரின் எண் அசையாது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் உலோகமான தாமிரத்தை எடுத்துக்கொண்டேன். காரீயமும் தாமிரமும் ஒன்றல்ல. ஆனாலும் ஆரஞ்சுத் தோலின் கார்பாக்சில் தொகுதிகளும் கைட்டோசானின் அமின் தொகுதிகளும், அதாவது அவற்றில் உலோகம் ஒட்டும் இடங்கள், இரண்டையும் பிடிக்கும்.

குடிக்கப் பயன்படுத்தாத பழைய கண்ணாடிக் குவளைகள் நான்கு. எல்லாவற்றிலும் ஒரே அளவு மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கலந்த தண்ணீர். இரண்டில் கூடுதலாகச் சிட்ரிக் அமிலம், பழச்சாற்றின் புளிப்புக்கு ஈடாக. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் மட்டும் பை. அரை மணி கழித்துப் பைகளை எடுத்துவிட்டு அமோனியா விட்டேன். தாமிரம் இருந்தால் ஆழ்ந்த நீலம் வரும். எத்தனை வகுப்புகளில் "ஆ" என்ற சத்தம் கேட்ட நீலம் அது! அமிலக் குவளைகளுக்கு அமோனியா அதிகம் செலவாயிற்று.

வெறும் தண்ணீரில் பை நன்றாகவே வேலை செய்தது. பையில்லாத குவளை மயில் கழுத்தாக இருக்க, பை போட்டதில் வெளிறிய நீலம்தான். இன்னொரு பையையும் அதேபோல் ஊறவைத்து வெட்டிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த கைட்டோசான் மணிகள் நீலம் பூத்திருந்தன. மனம்விட்டுப் பாராட்டினேன். புளிப்பு ஜோடியில் கதை வேறு. இரண்டு குவளைகளையும் இடம் மாற்றி வைத்தால் எதில் பை இருந்தது என்று எனக்கே தெரியாது.

காரணம் பாடப்புத்தகக் காரணம்தான். புளித்த பானத்தில் ஹைட்ரஜன் அயனிகள் ஏராளம். உலோகம் உட்கார வேண்டிய இடங்களில் அவை முந்திக்கொண்டு அமர்ந்துவிடுகின்றன. போதாக்குறைக்குச் சிட்ரேட் அயனி உலோகத்தை இறுகப் பிடித்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்கிறது. ஆரஞ்சுச் சாற்றின் பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 4-க்குக் கீழே, எலுமிச்சைச் சாற்றுக்கு 2-ஐ ஒட்டி. கைட்டோசானோ நீர்த்த அமிலத்தில் தானே கரையக்கூடியது.

அன்றிரவு ஓர் ஐயம் வந்து, தண்ணீர்க் குவளையில் தாமிரத்தைப் பிடித்து வைத்திருந்த பையை ஐந்தாவது குவளை ஒன்றில் சுத்தமான சிட்ரிக் அமில நீரில் போட்டு மூடிவைத்தேன். காலையில் அமோனியா விட்டேன். நீலம்! முந்தைய நாள் வாங்கியதைப் பை திருப்பிக் கொடுத்திருந்தது. மணிகள் கொழகொழத்திருந்தன. இதில் புதுமை எதுவும் இல்லை. ஆய்வகங்களில் பயன்படுத்திய பொருளை மீண்டும் தயார் செய்ய நீர்த்த அமிலத்தால்தான் கழுவுவார்கள். பெட்டியில் "ஒரு பையை ஐந்து முறை பயன்படுத்தலாம்" என்று இருக்கிறது. காலையில் தண்ணீருக்கும் மாலையில் எலுமிச்சைச் சாற்றுக்கும் ஒரே பையைப் போடுகிறவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

உள்ளே வைத்திருந்த தாளில் "99 சதவீதம் நீக்கம்" என்று கொட்டை எழுத்து. அடியில் பொடி எழுத்தில், லிட்டருக்கு 50 மில்லிகிராம் காரீயம் கலந்த, காய்ச்சி வடித்த நீரில் சோதித்ததாகக் குறிப்பு. கணக்குப் போடுங்கள்: 99 சதவீதம் போனாலும் மிச்சம் 500 மைக்ரோகிராம், வழிகாட்டு அளவைப்போல் 50 மடங்கு. குடிநீர் வடிகட்டிகளுக்கான என்.எஸ்.எஃப்./ஏ.என்.எஸ்.ஐ. 53 என்ற அமெரிக்கத் தரநிலை, லிட்டருக்கு 150 மைக்ரோகிராமில் தொடங்கி 5-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது. அந்தச் சோதனையும் தண்ணீருக்குத்தான், சாற்றுக்கு அல்ல.

சுவை? புதிய பையைக் கட்டன்தேநீரில் போட்டேன். நிறமும் துவர்ப்பும் போய், தேநீரிலிருந்து தேநீரையே எடுத்ததுபோல் ஆயிற்று. கரிக்கு உலோக அயனிகளைவிட, தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் பாலிபீனால் போன்ற கரிமப் பொருட்களின்மேல் பிரியம் அதிகம். தேநீரில் இந்தப் பையின் வேலையை ஓரளவு தேயிலையே செய்துவிடுகிறது: அதுவும் ஒரு பரப்புக் கவர்பொருள். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு பைத் தேயிலை சில நிமிடங்கள் ஊறினால் சுமார் 15 சதவீதக் காரீயம் இலையில் தங்கிவிடுவதாக 2025-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

பெட்டி சொன்ன ஆர்சனிக்? பை முக்கியமாகப் பிடிப்பது காரீயம், தாமிரம் போன்ற நேர்மின் அயனிகளை; ஆர்சனிக் நீரில் பெரும்பாலும் நேர்மின் அயனியாக இருப்பதில்லை. அதற்கு இரும்பு ஆக்சைடு பூசியது போன்ற பொருள் வேண்டும், இந்தப் பையில் அது கிடையாது. கைட்டோசான் வழக்கமாக இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. அவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை வரியாவது போட்டிருக்க வேண்டாமா?

சாற்றில் செய்த சோதனை அறிக்கை இருக்கிறதா என்று தயாரிப்பாளருக்கு எழுதினேன். "எங்கள் பொருள் முற்றிலும் இயற்கையானது" என்று பதில் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாத விடைத்தாளுக்கு நான் ஒருபோதும் மதிப்பெண் போட்டதில்லை. நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான டயாட்டம் மண்ணும் இயற்கைதான். பீரைத் தெளியவைக்கும் அந்த மண்ணே அதில் ஆர்சனிக்கைச் சேர்க்கிறது என்று 2013-இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள்.

மிச்சமிருக்கும் பைகளைக் குடிதண்ணீர்க் குடுவையில் மட்டும் போடுகிறேன். முதலில் கரித்தூள் போக நன்கு அலசிவிட்டு, ஒரு முறைக்கு ஒன்று. குளோரின் வாடைக்குக் கரி நல்லது என்பதால்தான். காரீயத்துக்கு நம்பி அல்ல. "எப்படி இருக்கிறது அம்மா?" என்று மகள் கேட்டாள். ஐந்தாவது குவளையின் படத்தை அனுப்பியிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் என்னிடமே படித்தவள், புரிந்துகொள்வாள்.