காரைக்குடியில் வாங்கிய ராப்பலகை: பலகை நன்று, முடிச்சுகள் பிழை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூண்களையும் பீங்கான் சாடிகளையும் பார்த்துப் பழகிய எனக்கு, சென்ற மாசியில் அங்குள்ள ஒரு கடையில் கண்ட சிறு பலகை வியப்பளித்தது. அது சோழமண்டலக் கரையின் மாலுமிகள் ராப்பலகை என்றும், அரபு மாலுமிகள் கமால் என்றும் வழங்கிய, நட்சத்திரத்தின் உயரம் பார்த்துக் கடலில் வழி அறியும் கருவியின் புதிய நகல். பழைய வீடொன்றில் கழித்த தேக்கில் செய்தது. உயரம் 5 செ.மீ., அகலம் 8 செ.மீ. நடுத்துளையில் கோத்த பருத்திக் கயிற்றில் ரங்கூன், மயிலாப்பூர், நாகப்பட்டினம், கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) என்று நான்கு முடிச்சுகள். விலை 850 ரூபாய்.

தச்சு வேலையில் குறை சொல்ல இடமில்லை. விளிம்புகள் நேராக இருக்கின்றன. இழைப்பு வழவழப்பாக இருக்கிறது. கயிற்றை இழுத்துப் பிடித்தால் பலகை சாயாமல் நிற்கிறது. இந்தக் கருவிக்கு விளிம்புதான் உயிர். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கும்வரை பலகையை முன்னே நீட்டி, கீழ்விளிம்பை அடிவானத்தில் பொருத்தும்போது துருவ நட்சத்திரம் மேல்விளிம்பைத் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகைக்குக் கப்பல் வந்துவிட்டது என்று பொருள். அதன்பின் நட்சத்திரத்தின் உயரம் மாறாதபடி கிழக்கிலோ மேற்கிலோ ஓடினால் துறைமுகத்தை அடையலாம். தீர்க்கரேகையை அளக்க வழியில்லாத காலத்தில், நடுக்கடலில் திசை தவறாதிருக்க இதைவிட எளிய உபாயம் இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

குறை முடிச்சுகளில் இருக்கிறது. நான்கையும் 8 செ.மீ. இடைவெளியில், பூ தொடுப்பது போல ஒரே சீராகப் போட்டிருக்கிறார்கள். தெற்கே போகப் போக நட்சத்திரம் தாழும். பலகை கண்ணுக்குச் சிறிதாகத் தெரிய வேண்டுமென்பதால் கயிறு நீளும், அதுவும் சம அளவில் நீளாது. இந்தப் பலகைக்கு ரங்கூன் முடிச்சு பலகையிலிருந்து 17 செ.மீ. தொலைவிலும், மயிலாப்பூர் 22-லும், நாகப்பட்டினம் 26.5-லும் விழ வேண்டும். கடாரத்துக்கோ 47 செ.மீ.க்கு மேல் போக வேண்டும். கடைக்காரர் தந்த கயிற்றில் நாகப்பட்டின முடிச்சு 33-ல் இருக்கிறது. அதை நம்பிப் பாய் விரித்தவர் நாகைக்குப் பதிலாகத் திருகோணமலையின் அட்சரேகையில் போய் நிற்பார்.

இதைச் சோதிக்கத் தொண்டிக்குப் போனேன். எங்கள் ஐயா காலத்தில் பர்மாவுக்கு நீராவிக் கப்பல் வந்துவிட்டது. அதற்கு முந்தையவர்கள் கடல் தாண்டியது பாய்மரத்தில். அவர்கள் பார்த்த வானத்தை அந்தக் கடற்கரையில் நின்றே பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இரவு பத்து மணியளவில் சப்தரிஷி மண்டலம் எழுந்தபின், அதன் முன்னிரு நட்சத்திரங்களைக் கோடாக நீட்டித் துருவ நட்சத்திரத்தைக் கண்டுகொண்டேன். பனை உயரத்துக்குச் சற்று மேலே, மங்கலாக, அசையாமல் இருந்தது. வடக்கே கரை நீண்டு கிடப்பதால் அடிவானத்தை ஊகித்தே பலகையை வைக்க வேண்டியிருந்தது. கயிறு பல்லில் நறநறத்தது; மூச்சு விட்டாலே நட்சத்திரம் விளிம்பை விட்டு விலகியது. நான்கு முறை அடையாளமிட்டேன். 28 செ.மீ. முதல் 30.5 வரை வந்தது. தொண்டிக்குக் கணக்குப்படி 29.3 வர வேண்டும். ஒரு செ.மீ. பிசகினால் ஏறத்தாழ 35 கி.மீ. பிழை. அசையும் மரக்கலத்தில் நின்று இதைச் செய்தவர்களின் கையையும் கண்ணையும் அன்றிரவுதான் உண்மையாக மதித்தேன்.

கப்பலை ஓட்டிய மீகாமன் கணக்குப் போட்டு முடிச்சிடவில்லை. தன் துறைமுகத்தில் நின்று, தன் பல்லுக்கும் தன் கைக்கும் ஏற்றபடி நட்சத்திரத்தைப் பிடித்து முடிந்துகொண்டான். ஆகவே இன்னொருவர் முடிந்த கயிற்றோடு ராப்பலகையை விற்பதே பொருந்தாது என்பது என் கருத்து.

உடன் வரும் குறிப்புத்தாளையும் திருத்த வேண்டும். 1025-இல் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பில் இதே முடிச்சுகள் வழிகாட்டின என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். இன்று வானத்தின் வடமுனைக்கு ஒரு பாகைக்குள் இருக்கும் துருவ நட்சத்திரம், பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், அன்று ஏறத்தாழ 6 பாகை தள்ளி இருந்தது. ஓர் இரவுக்குள்ளேயே அதன் உயரம் ஏறி இறங்கியிருக்கும். இன்றைய கயிறு அன்றைக்கு உதவாது. மேகம் மூடிய இரவுகளில் காற்றின் போக்கும், கொழுப்புத் தடவிக் கடலடிக்கு இறக்கிய ஈயக்குண்டில் ஒட்டி வரும் அடிமண்ணும்தான் கைகொடுத்தன என்பதையும் தாளில் ஒரு வரி சேர்க்கலாம்.

இவற்றையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை. ஸ்கேலை எடுத்து என் கண்ணெதிரே கயிற்றை அளந்துவிட்டு, "இனிமேல் முடிச்சில்லாமலே தந்துவிடுகிறேன் ஆச்சி, வாங்குகிறவர்களே போட்டுக்கொள்ளட்டும்" என்றார். வாங்க நினைப்பவர்கள் முடிச்சில்லாத கயிற்றையே கேட்டு வாங்குங்கள். பருத்திக் கயிற்றின் நீளம் ஈரத்தில் மாறுமாதலால், கடற்கரைக்குக் கொண்டுபோகும் முன் நீளம் எளிதில் மாறாத கயிறாக மாற்றிக்கொள்வது நல்லது.