சுறா ஈரல் எண்ணெய் மாத்திரை: மூன்று வாரம் பயன்படுத்திய பின்

முழங்கால் வலிக்கு நல்லது என்று உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில், அம்மாவுக்காக இணையத்தில் 60 மாத்திரைகள் கொண்ட சுறா ஈரல் எண்ணெய்ப் புட்டி ஒன்றை வாங்கினேன். நாளுக்கு ஒன்றாக மூன்று வாரம் சாப்பிட்டும் அம்மாவின் வலியில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஒருவருடைய அனுபவத்தை மட்டும் வைத்து ஒரு பொருளைத் தள்ளிவிட முடியாது என்பதால், புட்டிக்குள் இருப்பது என்ன, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதல் குறை லேபிளிலேயே இருக்கிறது. ஆழ்கடல் சுறாவின் தூய ஸ்குவாலீன் (சுறா ஈரலில் சேரும் எண்ணெய்ப் பொருள்) என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே தவிர, எந்த இனச் சுறா, எந்தக் கடலில் பிடித்தது என்று ஒரு வரிகூட இல்லை.

ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி எண்ணெயைக் கிண்ணத்தில் பிழிந்து பார்த்தேன். நிறமே இல்லை, விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பின்றி வழுக்கியது. ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெயையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் இரவு முழுவதும் ஃப்ரீசரில் விட்டேன். காலையில் தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்திருக்க, இது மட்டும் தண்ணீர் போல ஓடியது. ஸ்குவாலீன் உறைவதற்குச் சுமார் மைனஸ் 75 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். உப்புக் கரைத்த தண்ணீரில் விட்ட சொட்டு உடனே மேலேறி மிதந்தது. அந்த மிதப்புதான் சுறாவுக்கு இந்த எண்ணெயால் கிடைக்கும் பயன்.

ஸ்குவாலீனுக்காக அதிகம் பிடிபடுபவை சென்ட்ரோஃபோரஸ் பேரினத்தைச் சேர்ந்த சுறாக்கள். பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுவிடும் இந்த மீன்களுக்குப் பச்சையாக ஒளிரும் பெரிய கண்களும், இரண்டு முதுகுத் துடுப்புகளுக்கும் முன்னால் ஒவ்வொரு முள்ளும் உண்டு. கரையோரத் திட்டு முடிந்து கடலடி சரியத் தொடங்கும் இடத்தில், ஏறத்தாழ 200 மீட்டரிலிருந்து 1,000 மீட்டருக்கும் கீழே வரை, குளிர்ந்த இருளில் மீன்களையும் கணவாய்களையும் வேட்டையாடி வாழ்கின்றன. மற்ற மீன்கள் பலவற்றுக்கு இருக்கும் காற்றுப்பை சுறாக்களுக்குக் கிடையாது. அதற்கு ஈடாக, உடல் எடையில் கால் பங்கு வரைகூட வளரும் ஈரலில், நீரைவிட அடர்த்தி குறைந்த இந்த எண்ணெயைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதிகம் நீந்தாமலேயே மூழ்காமல் நிற்கின்றன.

இவை மிக மெதுவாக வளர்பவை. பெண் சுறா முதிர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். கரு வளர்வதற்குச் சுமார் இரண்டு ஆண்டுகள் ஆகும். சில இனங்களில் ஓர் ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிகள்தாம். இப்படிப்பட்ட மீனை எண்ணெய்க்காகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை மாலத்தீவு கண்டது. அங்கே 1980 வாக்கில் தொடங்கி, எண்ணெயை ஜப்பானுக்கு அனுப்பிவந்த தொழில், சில ஆண்டுகளிலேயே உச்சத்தைத் தொட்டுப் பின் சரிந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்சரிவிலோ, 1976–77-இல் இழுவலை ஆய்வில் கிடைத்த இவற்றின் அளவு, 1996–97-இல் அதே இடங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோயிருந்தது. இதைப் படித்த பிறகு அந்தப் புட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவுக்கும் ஸ்குவாலீன் கிடைப்பதற்கரிய பொருளே அல்ல. நம் உடலே கொலஸ்ட்ராலை உண்டாக்கும் வழியில் இதைத் தயாரிக்கிறது; தோலில் சுரக்கும் எண்ணெயிலும் இது இருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் இயல்பாகவே உண்டு. முகத்துக்குப் பூச வேண்டுமானால், ஆலிவிலிருந்தும் கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்தும் எடுக்கும் ஸ்குவாலேன், அதாவது ஹைட்ரஜன் சேர்த்து எளிதில் கெடாதபடி மாற்றிய வடிவம், தாராளமாகக் கிடைக்கிறது. பூசிப் பார்த்தேன், தோல் மென்மையாக இருந்தது, வாடையும் இல்லை.

மாத்திரைக்கு ஐந்தில் ஒரு மதிப்பெண் தருகிறேன். அதுவும் புட்டி கசியாமல் வந்து சேர்ந்ததற்காக மட்டுமே. ஸ்குவாலேன் வாங்குபவர்கள், தாவரத்திலிருந்து எடுத்தது என்று லேபிளில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சுறாவிலிருந்து வந்ததும் தாவரத்திலிருந்து வந்ததும் ஒரே மூலக்கூறுதான் என்பதால், கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ பிரித்தறிய வழியில்லை.