கதவு மாட்டுவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள்: சமையலறை அலமாரி வேலை கொடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை

சமையலறையில் அலமாரி வேலை கொடுக்கப் போகிறவர்களும், முன்பணம் கொடுத்துவிட்டுப் பொருள் வந்து இறங்குவதற்காகக் காத்திருப்பவர்களும் அடுத்த தவணையைக் கொடுப்பதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வேலை எடுத்த ஒப்பந்தக்காரர், முழுவதும் தண்ணீர் தாங்கும் பிளைவுட் என்று ஒப்புக்கொண்டு, அதற்குரிய விலையையும் வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் இடங்களில் மட்டும் பிளைவுட்டை வைத்துவிட்டு, தெரியாத இடங்களில் எல்லாம் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டை வைத்து முடித்திருந்தார். சிங்க்குக்குக் கீழே இருந்த பெட்டியின் அடிப்பலகை சில மாதங்களிலேயே உப்பத் தொடங்கியபோதுதான் இது வெளியே வந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரைக் குறிப்பிடவில்லை. பெயரைவிட, இது எப்படிச் செய்யப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வதே பிறருக்குப் பயன்படும்.

முதல் சந்திப்பிலேயே அவர் ஒரு மாதிரித் துண்டோடு வந்தார். இருபுறமும் லேமினேட் என்ற மெல்லிய மேல்தகடு ஒட்டிய, கையில் எடுத்தால் கனமாக இருந்த 18 மில்லிமீட்டர் பிளைவுட் அது. வெட்டிய ஓரத்தில் மெல்லிய மரத்தகடுகள் அடுக்கடுக்காகவும், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே கரும்பழுப்பு நிறத்தில் ஒரு கோடும் தெரிந்தன. அந்தக் கோடு ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசையின் நிறம். தொடர்ந்து ஈரம் படக்கூடிய இடங்களுக்கான பிளைவுட்டில் இந்தப் பசையைத்தான் பயன்படுத்துவார்கள். படுக்கையறை, கூடம் போன்ற உலர்ந்த இடங்களுக்கான சாதாரண பிளைவுட்டில் இருக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை வெளிர் நிறமாக இருக்கும், ஈரம் நின்றால் மெல்ல விட்டுக்கொடுத்துவிடும். கொதிநீரிலும் பிரியாத வகை (BWP) என்று சொல்லப்படும் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிக்க வேண்டும் என்று தர விதிகள் சொல்கின்றன என்பதையும் அவரே எங்களுக்கு விளக்கினார். அவருக்குப் பொருளைப் பற்றித் தெரியாமல் இல்லை என்பதை வாசிப்பவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அவர் கொடுத்த விலைப்பட்டியலில் பொருளைப் பற்றி ‘தரமான வாட்டர்ப்ரூஃப் போர்டு’ என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. அது எந்தப் போர்டு என்று கேட்டு அன்றே செய்தி அனுப்பினோம். “பெட்டி, ஷட்டர் எல்லாமே நீங்க பார்த்த அதே பிளைவுட்தான் சார், கவலைப்படாதீங்க” என்று பதில் வந்தது. பெட்டி என்பது அலமாரியின் உடல், ஷட்டர் என்பது அதன் கதவு. அழிக்காமல் வைத்திருந்த அந்தப் பதில்தான் இன்று எங்கள் தரப்பின் முதல் ஆவணம்.

பணம் கொடுக்கும் வரிசையை அவரே வகுத்துக் கொடுத்தார். வேலையை உறுதி செய்யும்போது 50 விழுக்காடு, பொருள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் 40 விழுக்காடு, வேலை முடிந்த பின் மீதி 10 விழுக்காடு. இத்தொழிலில் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள் என்பதால் இது இயல்பானதாகவே தோன்றும். ஆனால் பொருள் வந்து இறங்கும் நாளில் நம் கண்ணுக்குத் தெரிவது என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். பலகைகள் பட்டறையிலேயே அளவுக்கு வெட்டப்பட்டு, இருபுறமும் லேமினேட் ஒட்டப்பட்டு, நான்கு ஓரங்களிலும் எட்ஜ் பேண்டிங் நாடா ஒட்டப்பட்டு, பிளாஸ்டிக் உறையோடு வருகின்றன. ஈரம் உள்ளே புகாமல் இருக்க ஓரத்தை மூடுவது நல்ல வேலைக்கு அவசியமான ஒன்றுதான். அதே நாடா, உள்ளே இருப்பது பிளைவுட்டா, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப்பா, பார்ட்டிகிள் போர்டா என்பதையும் முழுமையாக மறைத்துவிடுகிறது. அதாவது, உள்ளே இருப்பதை யாராலும் பார்க்க முடியாத அந்த நாளில் மொத்தத் தொகையில் 90 விழுக்காடு ஒப்பந்தக்காரரின் கைக்குப் போய்விடுகிறது.

வேலை விறுவிறுப்பாகத்தான் நடந்தது. ஆட்கள் வந்தார்கள், பெட்டிகளைக் கோத்தார்கள், சுவரில் நிறுத்தினார்கள், அன்று மாலையே கதவுகளையும் மாட்டிவிட்டார்கள். பெட்டிகள் நின்றதும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம், அதன் பிறகு கதவு மாட்டலாம் என்று நாங்கள் கேட்டதற்கு, ஆட்களுக்கு மறுநாள் வேறிடத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். அந்த அவசரம் எதற்காக என்பது பின்னால்தான் புரிந்தது.

சிங்க் பெட்டியில் முதலில் தெரிந்தது ஒரு சிறு மேடுதான். கழிவுநீர்க் குழாய் கீழே இறங்குவதற்காக அடிப்பலகையில் வட்டமாக ஒரு துளை வெட்டியிருந்தார்கள். அந்தத் துளையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு லேமினேட் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் லேசாகத் தூக்கினால் கீழே நனைந்த அட்டைப் பெட்டியைப் போல உப்பிய பொருள் துகள் துகளாக உதிர்ந்தது. அடுக்கு என்று எதுவும் இல்லை, பசைக் கோடும் இல்லை. வெட்டிய துளையின் ஓரத்தில் சிலிகானோ வார்னிஷோ பூசாமல் அப்படியே பச்சையாக விட்டிருந்தார்கள். குழாயின் வெளிப்புறத்தில் வழிந்த சில சொட்டுகள் அங்கே சேர்ந்தால் போதும். பார்ட்டிகிள் போர்டு ஓரத்தின் வழியாக ஈரத்தை உறிஞ்சி வீங்கிவிட்டால், காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஒப்பந்தக்காரரிடம் சொன்னபோது வந்த பதில்களை வரிசையாகச் சொல்வது அவசியம். இதே பதில்கள் உங்களுக்கும் வரும் என்று நினைக்கிறேன். முதலில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார், யாரும் வரவில்லை. பிறகு குழாயில் கசிவு இருக்கும், அது பிளம்பர் வேலையின் குறை என்றார். குழாய் வேலை தெரிந்தவரை வைத்துப் பார்த்து, இணைப்புகளில் கசிவு இல்லை என்று எழுதி வாங்கி அனுப்பினோம். அடுத்து, நாங்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவியதால்தான் உப்பியது என்றார். சமையலறையில், அதுவும் சிங்க்குக்குக் கீழே, தண்ணீரே படாது என்று எண்ணி யாரும் அலமாரி செய்வதில்லை. அந்த இடத்தில் ஈரம் படும் என்பதற்காகத்தான் தண்ணீர் தாங்கும் பலகைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். இறுதியாக, பழைய செய்தியை எடுத்துக் காட்டியபோது, மாதிரித் துண்டு ஷட்டருக்கு மட்டும்தான், பெட்டிக்கு விலைப்பட்டியலில் போர்டு என்றுதானே இருக்கிறது என்றார். பெட்டி, ஷட்டர் எல்லாமே என்று அவரே எழுதியிருந்ததைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு, அவருக்கும் எங்களுக்கும் தொடர்பில்லாத, பல ஆண்டுகள் அனுபவம் உள்ள ஒரு தச்சரை அழைத்து எல்லாப் பெட்டிகளையும் காட்டினோம். அவர் எதையும் உடைக்கவில்லை. கதவின் கீலைக் கழற்றினார். கதவின் உட்புறத்தில் கீல் உட்காருவதற்காகக் குடைந்திருக்கும் 35 மில்லிமீட்டர் வட்டக் குழியில் அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன, கதவு பிளைவுட்தான். அதே கீலின் மறுபாதி பதிந்திருந்த பக்கவாட்டுப் பலகையிலிருந்து ஸ்க்ரூவைத் திருகி எடுத்தபோது, மாவு போன்ற தூளும் சேர்ந்து வந்தது. அந்தத் துளையில் அதே ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டால் பிடிக்கவில்லை. இரண்டு கதவுகள் ஏன் சரிந்து ஒன்றோடொன்று உரசுகின்றன என்பதற்கும் அங்கேயே விடை கிடைத்தது. டிராயர் சேனல்களின் ஸ்க்ரூ துளைகளிலும் தூளே வந்தது. வரிசையின் இரு முனைகளிலும் வெளியே தெரியும் பக்கவாட்டுப் பலகைகள் பிளைவுட், நடுவில் இருந்த பலகைகள், தட்டுகள், அடிப்பலகைகள் அனைத்தும் பார்ட்டிகிள் போர்டு. பின்பலகை வெறும் 3 மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு. தெரியாமலோ கைமறதியாகவோ பலகை மாறியிருந்தால், அது எங்காவது ஓரிடத்தில் கதவிலும் மாறியிருக்க வேண்டும். அப்படி ஓரிடத்திலும் மாறவில்லை.

பார்ட்டிகிள் போர்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. உலர்ந்த இடத்தில், ஓரங்கள் ஒழுங்காக மூடப்பட்டு, அதற்குரிய குறைந்த விலையில், சொல்லிச் செய்தால் அது நேர்மையான பொருள்தான். பிளைவுட் விலைக்கு அதை விற்றதுதான் இங்கே நடந்த குற்றம்.

ஸ்டீல் கூடைகளிலும் சிறு துருப்புள்ளிகள் வந்தன. துருவை நன்றாகத் தாங்கும் 304 தர ஸ்டீல் என்று சொல்லித்தான் கொடுத்தார், சந்தேகம் கேட்டபோது காந்தத்தை வைத்து ஒட்டவில்லை என்று காட்டியும் விட்டுப் போயிருந்தார். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். விலை குறைந்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் ஸ்டீல் அது, துருவைத் தாங்கும் திறன் 304-ஐவிடக் குறைவு. மறுபுறம், நல்ல 304 கம்பியையும் வளைத்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கக்கூடும். ஆகவே காந்தம் எதையும் நிரூபிக்காது. தரம் குறிப்பிட்ட கடை பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

இனி வேலை கொடுக்கப் போகிறவர்கள், போர்டு என்ற சொல் மட்டும் இருக்கும் எந்த விலைப்பட்டியலையும் ஏற்க வேண்டாம். பக்கவாட்டுப் பலகை, அடிப்பலகை, தட்டு, பின்பலகை, கதவு என ஒவ்வொன்றுக்கும் எந்தப் பலகை, எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று தனித்தனியாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காட்டிய மாதிரித் துண்டிலும் அவருடைய கையெழுத்தை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பலகை வாங்கிய பில்லின் நகலைத் தர வேண்டும் என்பதையும், பட்டறையில் லேமினேட் ஒட்டுவதற்கு முன் பலகைகளை நேரில் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். இதற்கே தயங்குகிறவரை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தவணை வரிசை. பொருள் இறங்கும் நாளில் கொடுக்கும் பெருந்தொகையைப் பிரித்து, அதில் கணிசமான பங்கைப் பெட்டிகள் நின்று கதவு மாட்டப்படாமல் இருக்கும் கட்டத்துக்கு மாற்றுங்கள். அந்தக் கட்டத்தில் குழாய்த் துளை, கீல் துளை, மின்கம்பிக்காக வெட்டிய இடம் எல்லாம் திறந்திருக்கும், உள்ளே என்ன பலகை என்பது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். வெட்டிய ஓரங்கள் பூசி மூடப்பட்டிருக்கின்றனவா என்பதையும், ஒவ்வொரு பெட்டியின் இரு மூலைவிட்டங்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே டேப்பால் அளந்துவிடலாம். மூலைவிட்டங்கள் மாறினால் பெட்டி கோணலாக நிற்கிறது, அதில் எவ்வளவு நல்ல கதவை மாட்டினாலும் இடைவெளி சீராக வராது. துளை போட்டபோது விழுந்த வெட்டுத் துண்டுகளை ஆட்கள் பெருக்கி எடுத்துச் செல்வதற்கு முன் இரண்டு மூன்றை எடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் அதில் ஒரு துண்டைச் சில மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வையுங்கள். யூரியா பசையில் செய்த பார்ட்டிகிள் போர்டு என்றால் பிரிந்து கூழாகிவிடும்.

எங்களைப் போல ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள், ஆத்திரத்தில் உடனே பெட்டிகளைப் பெயர்த்து எறிந்துவிட வேண்டாம். பெயர்த்துவிட்டால் ஆதாரமும் அதோடு போய்விடும். உப்பிய இடத்தை அளவுகோலை வைத்துப் படமெடுங்கள், ஸ்க்ரூ துளையிலிருந்து தூள் வருவதைக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள், தொடர்பில்லாத ஒரு தச்சரிடமோ பொறியாளரிடமோ எந்தெந்தப் பலகை எதனால் ஆனது என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். தொலைபேசியில் பேசியதை எல்லாம் அன்றே ஒரு செய்தியாக எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள். குறைகளைப் பட்டியலிட்டு, சரிசெய்ய நியாயமான கெடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும் தபாலில் ஒரு கடிதமும் அனுப்புங்கள். கெடு கொடுக்காமல் வேறொருவரை வைத்து மாற்றிவிட்டால், எனக்கு வாய்ப்பே தரவில்லை என்று அவர் சொல்ல இடம் உண்டாகும்.

மீதித் தொகையைக் காரணத்தை எழுத்தில் தெரிவித்துவிட்டு நாங்கள் நிறுத்தி வைத்தோம். அதற்கு அவர், பாக்கியைக் கொடுத்தால் சிங்க்கின் அடிப்பலகையை மட்டும் மாற்றித் தருவதாகவும், இல்லையென்றால் தாமே எங்கள் மீது வழக்குத் தொடுப்பதாகவும் சொன்னார். ஒரு பலகையை மட்டும் மாற்றுவதை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டால் மற்றப் பெட்டிகளைப் பற்றிப் பின்னால் கேட்க முடியாமல் போகும் என்பதால் மறுத்துவிட்டோம். நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் பதிவாகியிருக்கிறது. ஒப்பந்தத்தில் சொன்ன பிளைவுட்டில் எல்லாப் பெட்டிகளையும் செய்து தர வேண்டும், அல்லது அதற்கு ஆகும் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அவருடைய எழுத்துபூர்வமான பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் அதில் அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்பதை இதன் தொடர்ச்சியாக எழுதுகிறேன்.