6,000 ரூபாய் பென் டேப்லெட்டா, 60,000 ரூபாய் பென் டிஸ்ப்ளேவா?

வேலூர்ப் பக்கம் டிஜிட்டலில் வரையத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, விலை அதிகமான டேப்லெட் வாங்கினா படம் நல்லா வருமா?" பக்கத்தில் நிற்கும் அப்பாவோ அம்மாவோ மனசுக்குள் கேட்பது வேறு: போட்ட காசு திரும்புமா? இரண்டுக்கும் பதில் தனித்தனி. விலை ஏறினால் கோடு கொஞ்சம் மேம்படும்தான். ஆனால் அதில் பெரும்பகுதி 6,000 ரூபாயிலேயே கைக்கு வந்துவிடுகிறது. காசு திரும்புவது நீங்கள் எந்த வேலைக்கு வரைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

போட்டியில் மூன்று ரகம். முதலாவது திரை இல்லாத பென் டேப்லெட். கை மேசையில் இருக்கும் கறுப்புப் பலகையில், கண் மானிட்டரில். வாகாம் நிறுவனத்தின் ஒன் பை வாகாமும், ஹூயான், எக்ஸ்பி-பென், காவ்மான் நிறுவனங்களின் சாதாரண மாடல்களும் ஏறத்தாழ 3,000 முதல் 8,000 ரூபாய்க்குள் கிடைக்கும். வாகாமின் இன்டுவோஸ் புரோ மட்டும் 20,000-ஐத் தாண்டும். இரண்டாவது பென் டிஸ்ப்ளே, அதாவது திரைமேலேயே வரைவது. ஹூயான் காம்வாஸ் 13 போன்றவை 20,000 ரூபாய்ச் சுற்றில் வரும், வாகாம் சின்டிக் 16 வேண்டுமென்றால் 50,000-க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். மூன்றாவது, கணினியே தேவைப்படாத ஐபேடும் சாம்சங் டேபும்.

கடைக்காரர் முதலில் காட்டும் எண் அழுத்த நிலைகள், அதாவது கை அழுத்தத்தைப் பேனா எத்தனை படியாகப் பிரித்தறியும் என்பது. இது 2048, இது 8192, புது மாடல் 16384 என்பார். இந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். நாம் வழக்கமாக வரையும் 8-பிட் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் 256 படிகள்தான். பேனா 8192 விதமாக அழுத்தத்தைப் பிரித்துச் சொன்னாலும், ஒபாசிட்டி, அதாவது நிறத்தின் அடர்த்தி, கடைசியில் அந்த 256 படிக்குள்தான் விழும். பிரஷ் அளவும் அப்படித்தான். 40 பிக்சல் பிரஷ்ஷில் கண்ணுக்குத் தெரிகிற தடிமன்கள் சில பத்துகள்தான். 2048-ஐயும் 8192-ஐயும் கையால் பிரித்துச் சொன்ன ஓவியரை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் விலை எதில் தெரியும்? இரண்டு இடத்தில். ஒன்று, கோடு எவ்வளவு லேசான தொடுகையில் தொடங்குகிறது என்பது. இரண்டு, மெதுவாக இழுக்கும்போது கோடு நடுங்குகிறதா என்பது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் இருக்கும் யாளியையும் குதிரை வீரனையும் வரைந்து பாருங்கள். பிடரி மயிர் ஒவ்வொரு சுருளும் ஊசி முனையில் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி ஊசியாக முடிய வேண்டும். விலை குறைந்த பேனாவில் அந்த முதல் மில்லிமீட்டர் விழாது. பேனா பலகையைத் தொட்டிருக்கும், திரையில் ஒன்றும் இருக்காது. கொஞ்சம் அழுத்தியதும் சட்டென்று தடித்த கோடாகத் தொடங்கும். சுருள் மொட்டையாகிவிடும். இன்டுவோஸ் புரோ, சின்டிக் பேனாக்களில் பட்டும் படாமலும் தொட்டாலே கோடு பிறக்கிறது. பேனாவைச் சாய்த்தால் கோடு அகலமாகும் வசதியும் உண்டு. ஒன் பை வாகாமில் சாய்வு கிடையாது. ஹூயான், எக்ஸ்பி-பென்னில் பல மாடல்களில் குறைந்த விலையிலேயே அது வந்துவிட்டது.

நடுக்கத்தைச் சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். டேப்லெட் மேல் சாய்வாக வைத்து, நத்தை வேகத்தில் ஒரு கோடு இழுங்கள். நல்ல கருவியில் கோடு நேராக வரும், மட்டமானதில் அலை அலையாக வரும். பிரஷ்ஷில் கோட்டைத் தானாகச் சீராக்கும் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவியின் குறையை அது மறைத்துவிடும்.

1983-இல் ஜப்பானில் தொடங்கிய வாகாமின் பெரிய பலம் பேட்டரி இல்லாத பேனா. பலகையிலிருந்து எழும் மின்காந்தப் புலமே பேனாவுக்குள் இருக்கும் கம்பிச் சுருளை இயக்குகிறது. நெடுங்காலம் மற்றவர்கள் பேட்டரி போட்ட, சார்ஜ் ஏற்றும் பேனாக்களோடுதான் வந்தார்கள். இன்று ஹூயானிலும் எக்ஸ்பி-பென்னிலும் பேட்டரி இல்லாத பேனாதான். விலை வித்தியாசத்துக்கு முன்பிருந்த வலுவான காரணம் போய்விட்டது.

என் கணக்கில் அழுத்த நிலையைவிடப் பலகையின் அளவு முக்கியம். ஒன் பை வாகாம் ஸ்மாலில் வரையும் பரப்பு 152 × 95 மில்லிமீட்டர். 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் ஏறத்தாழ 345 மில்லிமீட்டர். கை 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் கோடு இரண்டேகால் மில்லிமீட்டர் ஓடும், கையின் நடுக்கமும் அதே அளவு பெருகும். 10 அங்குல அகலப் பலகையில் அது ஒன்றரைக்கும் கீழ். தோள்பட்டையிலிருந்து வீசி வரைபவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும், 3,000 ரூபாய் ஸ்மாலை விட்டு 5,000 ரூபாய் மீடியத்துக்குப் போக. இன்னொரு விஷயம்: பலகை 16:10, திரை 16:9. அப்படியே விட்டால் நீங்கள் போடும் வட்டம் படுத்த முட்டையாகத்தான் வரும். டிரைவர் அமைப்பில் விகிதத்தைப் பூட்டிவிடுங்கள். "எனக்கு வட்டமே வரல" என்று சோர்ந்து போகும் பிள்ளைகளில் பலருக்குக் கை சரியாகத்தான் இருக்கிறது.

பென் டிஸ்ப்ளேயின் அருமையை மறுக்க மாட்டேன். கண் பார்க்கும் இடத்திலேயே கோடு விழும்போது பென்சில் கோட்டின் மேல் இறுதிக் கோடு போடும் இன்கிங் வேலை வேகமாக ஓடும், முகங்கள் முதல் முயற்சியிலேயே அமையும். நாள் முழுக்கக் காமிக்ஸ், ஸ்டோரிபோர்டு, புத்தகப் படம் என்று வரைபவருக்கு அது சொகுசு அல்ல, தொழில் கருவி. ஆனால் நம்மூர் நிலவரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. வியர்த்த உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டும், திரையும் தன் பங்குக்குச் சூடாகும். இரண்டு விரல் கையுறை இல்லாமல் ஓட்ட முடியாது. பழைய வீடுகளில் பிளக்கில் சரியான எர்த் இருக்காது. அங்கே சார்ஜரிலிருந்து வரும் இரைச்சலால் கர்சர் நடுங்குவதுண்டு, பழி டேப்லெட் மேல் விழும். குனிந்தே வரைவதால் கழுத்தும் வலிக்கும், சாய்க்கும் ஸ்டாண்டுக்குத் தனிச் செலவு. திரை இல்லாத பலகையில் தலை நிமிர்ந்தே இருக்கும். கையும் கண்ணும் பழகச் சில வாரம் ஆகும், பழகிய பிறகு கை மறைக்காத முழுப் படமும் கண்முன்னே இருக்கும்.

ஐபேட் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023-இல் வந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலில் அழுத்தம் உணரும் திறன் கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு, கோடு ஏன் தடிக்கவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. வரைவதற்கு முதல் தலைமுறைப் பென்சிலோ, உங்கள் மாடலுக்குப் பொருந்தும் மேல் ரகமோதான் வேண்டும். பலரும் வரையப் பயன்படுத்தும் புரோகிரியேட் ஆப் ஐபேடில்தான் ஓடும், ஒருமுறை காசு கட்டினால் போதும். சாம்சங் டேப் எஸ்6 லைட்டில் பேனா பெட்டியோடே வருகிறது, அந்தப் பேனாவின் நுட்பமும் வாகாமுடையதுதான். கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்து நேரில் பார்த்து வரைய, கரண்ட் போனாலும் வேலை நிற்காமலிருக்க இந்த ரகம்தான் தோது. பெரிய பேனர் அளவுக் கோப்பு, நூறு லேயர் என்று போனால் மூச்சு வாங்கும்.

இனி காசு. வட ஆற்காடு முழுக்க டிசைன் தொழில் நிறைய, ஆனால் அதில் பாதிக்கு மேல் பேனாவே தேவைப்படாதது. ஃப்ளெக்ஸ் பேனர், கல்யாணப் பத்திரிகை செய்யும் கடைகள் கோரல் டிராவில் மவுஸ் வைத்தே ஓட்டுகின்றன. ஆரணிப் பட்டுக்கு ஜக்கார்டு டிசைன் போடுவது கட்டம் கட்டமாக நிரப்பும் வேலை, அங்கே அழுத்தத்துக்கு வேலையே இல்லை. ஆம்பூரில் ஷூ டிசைன் கற்கும் பிள்ளைகளுக்கு ஸ்கெட்ச் வரைக்கும் பேனா உதவும், பேட்டர்ன் போடும் CAD மென்பொருளுக்குப் போனதும் மவுஸ்தான். கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்களுக்குத்தான் நான் அடித்துச் சொல்வேன்: தலைமுடி ஓரத்தைப் பின்னணியிலிருந்து பிரித்து மாஸ்க் எடுக்க, முகத்தில் ஒளியும் நிழலும் சீராக்க 5,000 ரூபாய் பலகை போதும், மவுஸில் கை வலிக்கச் செய்த வேலை பாதி நேரத்தில் முடியும். 60,000 ரூபாய்க்கும் 6,000 ரூபாய்க்கும் இடைவெளி 54,000. ஒரு படத்துக்குச் செலவு போக 1,500 ரூபாய் நிற்கிறது என்றால், அந்த இடைவெளியை அடைக்கவே 36 படம். மாதத்துக்கு இரண்டு ஆர்டர் வருபவருக்கு ஒன்றரை வருஷம். வாரத்துக்கு மூன்று வருபவர் யோசிக்கவே வேண்டாம், வாங்கலாம்.

பிரஷ் கைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது என்றால் முதலில் மடிக்கணினியைப் பாருங்கள். அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் 4 ஜிபி ராமோடு பெரிய கேன்வாஸ் திறந்தால் எந்த டேப்லெட்டும் திணறும். ராமைக் கூட்டி எஸ்எஸ்டி போட ஆகும் செலவு, விலை உயர்ந்த டேப்லெட்டைவிடப் பல மடங்கு பலன் தரும். மென்பொருளுக்கும் காசு வேண்டாம், கிருட்டா இலவசம். கணினியே இல்லாத பிள்ளைக்கு, ஓடிஜி கேபிள் வழியாக ஆண்ட்ராய்டு போனோடு சேரும் சின்னப் பலகைகள் இருக்கின்றன. உங்கள் போன் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கை நன்றாக ஓடுகிறது, ஆனால் 20,000 ரூபாய் எடுக்க முடியவில்லை என்றால், பழைய இன்டுவோஸ் புரோ மீடியம் தேடுங்கள். வேலை முடித்து விற்பவர்கள் சென்னையில் கிடைப்பார்கள், காட்பாடியில் ரயில் ஏறி நேரில் போய்ப் பார்ப்பதுதான் நல்லது. உங்கள் மடிக்கணினியையும் ஸ்கேலையும் கொண்டு போங்கள். நான்கு மூலையிலும் சாய்கோடு இழுங்கள், கேபிள் செருகும் இடம் ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள், பலகையின் நடுப்பகுதி தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அசல் பேனா இல்லாமல் பலகையை மட்டும் கொடுத்தால் திரும்பி வந்துவிடுங்கள், அந்தப் பேனாவைத் தனியாக வாங்கப் போனால் ஒரு புது டேப்லெட்டின் விலை ஆகிவிடும்.