ஒடிந்த மேனிஃபோல்ட் போல்ட்டுகள்: சரிசெய்து சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

அமெரிக்காவின் மிச்சிகனில் குளிர்காலம் முழுவதும் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அங்கே டிரெய்லர் இழுப்பதற்காக நான் வைத்திருக்கும் வி8 பிக்கப்பில், காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் வலப்பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று ஓசை எழுந்து, சூடேறியதும் அடங்கிவிடும். லிஃப்டர் (இன்ஜின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் உறுப்பு) ஓசையும் ஏறத்தாழ இப்படித்தான் கேட்கும் என்பதால் ஆயிலை மாற்றிப் பார்த்தே காலம் கடத்துபவர்கள் உண்டு. ஆனால் சூட்டில் ஓசை நின்றுபோனால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையைத் திரட்டி வெளியேற்றும் குழாய்த் தொகுதி) விரிந்து இடைவெளியை அடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தையும் உட்புற பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, கடைசி போல்ட்டின் தலையைக் காணவில்லை. அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது.

இதற்குத் துருவை மட்டும் காரணமாகச் சொல்வது சரியன்று. மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பால் ஆனது. அது போல்ட்டுகளால் பொருந்தியிருக்கும் சிலிண்டர் ஹெட் (இன்ஜினின் மேற்பகுதி) அலுமினியத்தால் ஆனது. ஒரே அளவு வெப்பத்தில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆனாலும் குளிர்விக்கும் நீர் ஓடும் ஹெட் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்க, பாரம் இழுக்கும்போது மேனிஃபோல்ட் 500 டிகிரியைத் தாண்டக்கூடும். 400 மி.மீ. நீளமுள்ள மேனிஃபோல்ட் அப்போது 2 மி.மீ.க்கு மேல் நீள்கிறது, ஹெட்டோ முக்கால் மி.மீ.கூட நீள்வதில்லை. இந்த வேறுபாடு முழுவதையும் முனைகளில் உள்ள போல்ட்டுகளே தாங்குகின்றன. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிவதுபோல அவை ஒடிகின்றன.

கசிவை அலட்சியப்படுத்தக் கூடாது. கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரலாம். கசிவின் வழியே உள்ளே புகும் வெளிக்காற்றால் ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் குறைவு என்று ஏமாந்து, தேவைக்கு மேல் பெட்ரோல் செலவாகலாம்.

முதலில், ஹெட்டின் முனையில் காலியாக உள்ள மரைத்துளையில் மாட்டி மேனிஃபோல்ட்டை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்றைப் பொருத்தினேன். ஒடிந்த துண்டைத் தொடாமலே ஓசை அடங்கியது. ஆனால் அடுத்து வந்த கடுங்குளிரில் மெல்லத் திரும்பியது. வண்டியை விற்கும் எண்ணத்தில் இருப்பவருக்கு அது போதும். டிரெய்லர் இழுப்பவருக்குப் போதாது.

பிறகு வெல்டிங் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒடிந்த துண்டின்மேல் முதலில் வாஷரையும் அதன்மேல் நட்டையும் வைத்து மிக் வெல்டிங்கால் (கம்பியைத் தொடர்ந்து ஊட்டி மின்சாரத்தால் உருக்கும் முறை) ஒட்டினார். எஃகு வெல்டிங் அலுமினியத்தில் பற்றாது. அதன் சூட்டில் மரையைப் பிடித்திருந்த துருவும் இளகும். ஒட்டியது சிலமுறை பிய்ந்து வந்தபோதும் பொறுமையாக மீண்டும் ஒட்டி, சிறிது ஆறவிட்டு, முன்னும் பின்னும் அசைத்தே துண்டை வெளியே கொண்டுவந்தார். டிரில் போட்டு ஈஸி அவுட் (ஒடிந்த போல்ட்டைப் பற்றித் திருகி எடுக்கும் கருவி) செலுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அது உள்ளே ஒடிந்தால், சாதாரண டிரில் பிட்டால் துளைக்க முடியாத கடினமான எஃகு ஹெட்டுக்குள் தங்கிவிடும்.

நீடித்த பலனைத் தந்தது இதற்கு அடுத்த வேலை என்பதே என் உறுதியான கருத்து. கழற்றிய மேனிஃபோல்ட்டின் முகத்தில் நேர்விளிம்பை (நேரான உலோகப் பட்டையை) வைத்துப் பார்த்தால் நடுப்பகுதிக்கும் முனைக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. அப்படி வளைந்ததை மீண்டும் முறுக்கிக் கட்டினால் புதிய போல்ட்டும் முதல் நாளிலிருந்தே இழுபடும். லேத் பட்டறையில் முகத்தைச் சமப்படுத்தி, புதிய கேஸ்கெட்டும் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) புதிய போல்ட்டுகளும் போட்டு, நடுவிலிருந்து முனை நோக்கி, கையேட்டில் உள்ளபடி முதல் சுற்றில் 15 நியூட்டன் மீட்டரும் அடுத்த சுற்றில் 25 நியூட்டன் மீட்டருமாக டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். விலையுயர்ந்த போல்ட்டுகளைத் தேடவில்லை.

அதன்பின் சில குளிர்காலங்கள் கடந்துவிட்டன. கோடையில் படகு டிரெய்லரை இழுத்து மேடேறியும் அந்தப் பக்கத்தில் ஓசை இல்லை, கரிப்படிவும் இல்லை. ஆண்டுக்கொருமுறை சக்கரங்களை மாற்றும்போது கண்ணாடியை நீட்டிக் கடைசி போல்ட்டின் தலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இடப்பக்க மேனிஃபோல்ட்டை இன்னும் கழற்றவில்லை. அங்கே ஓசை எழும் நாளில் கிளாம்பைத் தேடாமல் நேராகப் பட்டறைக்கே கொண்டுபோவேன்.