தீபாவளிப் பலகாரம்: சுடுவதா, சொல்லி வாங்குவதா, கவரில் வைத்துக் கொடுத்துவிடுவதா?

ஐப்பசி பிறந்தால் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இரண்டு பேச்சு ஓடும். பலகாரத்தை வீட்டிலேயே சுடுவதா, வெளியே சொல்லிவிடுவதா என்பது ஒன்று. யார் யாருக்கு என்ன கொடுப்பது என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பேசுவதால்தான் கடைசி நேரத்தில் அல்லாடுகிறோம் என்பது என் கட்சி. பக்கத்துத் தெருவுக்குக் கொடுக்கிற பலகாரம் வேறு, பெங்களூருக்குப் போகிற பலகாரம் வேறு. கொடுக்கிற இடம் தெரிந்தால்தான் எந்த மாவை அரைப்பது என்று முடிவு செய்யமுடியும்.

அதனால் எல்லாவற்றையும் இரண்டு கேள்வி வைத்து நிறுத்துப் பார்க்கிறேன். அடுப்படியில் பதம் தப்பினால் எவ்வளவு நஷ்டம்? வாங்கிக்கொண்டவர் வீட்டில் பொங்கல் வரைக்கும் என்ன மிச்சம் கிடக்கும்?

அதிரசமா, மாவுருண்டையா?

மரியாதைக்கு அதிரசம்தான். தட்டில் நாலு அதிரசம் இருந்தால் அந்த வீட்டில் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் சுடுகிறவர்களை அழவைப்பதிலும் அதற்குத்தான் முதலிடம். கஷ்டம் முழுக்க இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று மாவின் ஈரம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தும்போது கையில் ஒட்டாமல், ஆனால் பிடித்தால் பிடிபடுகிற ஈரத்தில் அரைக்கவேண்டும். கடையில் விற்கும் காய்ந்த மாவில் செய்துவிட்டு அதிரசம் சரியில்லை என்று வெல்லத்தைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை.

இன்னொன்று பாகு. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், கரையாமல் அடியில் போய்த் திரளவேண்டும். விரலால் எடுத்து உருட்டினால் மெத்தென்ற உருண்டையாக நிற்கவேண்டும். அந்த உருண்டையைக் கிண்ணத்தில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கிறதா? அப்படியானால் அதிரசப் பதம் தாண்டிவிட்டது, அது முறுக்குத் துண்டுகளைப் பாகில் புரட்டிச் செய்கிற மனகோலத்துக்கான பாகு. அதே வெல்லம், அதே அடுப்பு, நடுவில் ஒன்றிரண்டு நிமிஷம்தான். அந்த நேரத்தில் செல்போன் அடித்தால் எடுக்காதீர்கள்.

பதம் முன்பின் ஆனால் என்ன ஆகும்? பாகு இளகலாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் போட்டதும் சல்லடையாகப் பிரிந்துபோகும். சட்டி முழுக்க வெல்லத் தூள் மிதந்து எண்ணெயும் வீண். முற்றிய பாகென்றால் மறுநாள் பல்லுக்கு வேலை. இளகினதைக் காப்பாற்ற வழி இருக்கிறது: கொஞ்சம் அரிசி மாவைத் தூவிப் பிசைந்து, ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தட்டலாம். முற்றினதற்கு வெதுவெதுப்பான பால் ஒரு கரண்டி தெளித்துப் பிசைவார்கள். ஓரளவுக்குத்தான் தேறும். மாவைக் கிளறின அன்றே சுடாமல் ஒரு நாளாவது மூடி வைப்பதில் ஒரு லாபமும் உண்டு. அடுத்த நாள் ஒன்றைச் சுட்டுப் பார்த்து, மாவைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

மாவுருண்டைக்கு இந்தப் பயமே கிடையாது. பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, சர்க்கரையோடு நைசாக அரைத்து, ஏலக்காய் தட்டிப்போட்டு, காய்ச்சின நெய்யை ஊற்றிச் சூட்டோடு பிடித்தால் முடிந்தது. பிடிபடாமல் உதிர்ந்தால் இன்னும் கொஞ்சம் சூடான நெய். அவ்வளவுதான் வைத்தியம். இதில் தப்பு நடக்கிற ஒரே இடம் வறுப்பது. அடுப்பைக் கூட்டிவைத்தால் பருப்பு வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். அப்புறம் எவ்வளவு நெய் ஊற்றினாலும் பச்சை வாசம் போகாது. சிறுதீயில் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும், கை வலிக்கும், வேறு வழியில்லை.

முதல் தடவை சுடுகிறவர்களுக்கு மாவுருண்டை என்பேன். வீட்டில் பதம் தெரிந்த அப்பத்தாவோ ஆயாவோ பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் மட்டும் அதிரசம். ஆனால் ஒன்று, வெளியூருக்கு அனுப்புவதில் அதிரசம்தான் ஜெயிக்கிறது. மெத்தென்று இருப்பதால் உடையாது, ஒரு வாரம் பத்து நாள் தாராளமாகத் தாங்கும். மாவுருண்டை பார்சலில் குலுங்கினால் போய்ச் சேரும்போது பாதி மாவாகத்தான் இருக்கும். ருசி போகாது, ஸ்பூன் வைத்துச் சாப்பிடவேண்டும், அவ்வளவே.

தேன்குழல், சீடை, சீப்புச் சீடை

தேன்குழலில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அரிசி மாவு நாலு பங்குக்கு உளுந்து மாவு ஒரு பங்கு என்பது பல வீட்டுக் கணக்கு. வெண்ணெய் கூடினால் எண்ணெயில் உதிரும், எண்ணெயும் குடிக்கும். குறைந்தால் கடக்முடக். எண்ணெய் காயாமல் பிழிந்தாலும் எண்ணெய் குடிக்கும். கெட்டால் நஷ்டம் ஒரு ஈடு மாவுதான், அடுத்த ஈட்டில் சரிசெய்துவிடலாம். ஆனால் கூரியரில் தேன்குழல் அனுப்புகிறவர்களின் நம்பிக்கையை நான் வியக்கிறேன்.

உப்புச் சீடை வேறு கதை. நஷ்டத்தை விட ஆபத்துதான் அதிகம். மேல்தோல் முதலில் இறுகிவிட, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் போனால் அது வெடிக்காமல் என்ன செய்யும்? மாவைச் சலிக்காமல் விட்ட குருணையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மாவை இலேசாக வறுத்து, சலித்து, உருண்டையை வழவழவென்று அழுத்தி உருட்டாமல், துணியில் சற்று உலரவிட்டு, ஊசியால் ஒரு குத்துக் குத்திப் போடுகிறவர்கள் தப்பிக்கிறார்கள். என்ன செய்தாலும் முகத்தைச் சட்டிக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். குழந்தைகளை அடுப்படியில் விடாதீர்கள். கோகுலாஷ்டமிக்கு நாலு உருட்டி சாமிக்கு வைப்பது சரி, பத்து வீட்டுக்குக் கொடுக்கச் சீடை சுடுவது எனக்கு உடன்பாடில்லை.

இதற்கு மாற்று நம் பக்கத்துச் சீப்புச் சீடை. அரிசி மாவைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, அச்சில் வரிவரியாக நாடா பிழிந்து, துண்டு போட்டு, விரலைச் சுற்றி வளைத்து ஓரத்தை ஒட்டவேண்டும். நடுவில் ஓட்டை இருப்பதால் ஆவி அடைபடாது, வெடிக்கிற பேச்சே இல்லை. நன்றாக ஒட்டாவிட்டால் எண்ணெயில் விரிந்துகொள்ளும், அழகு போகும், ருசி போகாது. கெட்டியானது, பார்சலுக்கு அருமை, டப்பாவில் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக நிற்கும். ஒரே குறை, ஆள் வேண்டும். ஒருவர் பிழிய, மூன்று பேர் வளைக்க, ஒருவர் சட்டியில் நிற்க என்று வீட்டு உள்முற்றமான வளவில் கூட்டமாக உட்கார்ந்து செய்த பலகாரம் இது. இரண்டு பேர் இருக்கிற ஃபிளாட்டில் ஒரு கிலோ மாவைப் பிசைந்துவிட்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் விரலில் மாவுதான்.

வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் இந்தப் போட்டியிலேயே இல்லை. ஒரு படி பச்சரிசி அளந்து, அதன் தலையில் கோபுரமாக உளுந்து வைத்து அரைத்து, ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி, மிளகாய்த் துவையலோடு சூடாகச் சாப்பிடவேண்டியது பணியாரம். அதைப் பொட்டலம் கட்டுவது பாவம். யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போடுங்கள். சாமான் சேராத பரிசில் அதைவிட ஒன்று உண்டா?

வீட்டிலா, வெளியிலா?

காரைக்குடியிலும் சுற்றுவட்டத்திலும் பலகாரம் போட்டுத் தருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். கைப்பக்குவம் நம்மைவிட நன்றாகவே இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தீபாவளி நெருக்கத்தில் சட்டி இறங்காமல் ஓடும்போது எண்ணெயை அவ்வப்போது மாற்றுவார்களா என்பது ஆளைப் பொறுத்தது. போன வருஷம் எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டுக்கு வந்த மனகோலத்தில் காறல் வாசம். யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. ஏற்பாடு செய்த ஆச்சி, "கடைசி வாரத்துல சொன்னா இப்படித்தான், அடுத்த வருஷம் முன்னாடியே சொல்லு அப்பா" என்று முடித்துவிட்டார்கள். நியாயம்தான். முதல் ஈடு எண்ணெயில் வெந்தது வேண்டுமென்றால் முன்னதாகச் சொல்லவேண்டும். சாம்பிளுக்குக் கால் கிலோ வாங்கி ஒரு வாரம் டப்பாவில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. அன்றைக்கு ருசிக்கிறதெல்லாம் ஏழாம் நாளும் ருசிக்காது.

இரண்டையும் கலப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். இனிப்பில் ஒன்று வீட்டில், கை வேலை அதிகமான சீப்புச் சீடை வெளியில். எல்லாவற்றையும் தானே சுட்டேன் என்ற பெருமைக்காக மூன்று நாள் இடுப்பு வலியோடு தலைதீபாவளி மாப்பிள்ளையை வரவேற்பதில் என்ன இருக்கிறது?

எதில் வைத்துக் கொடுப்பது?

இங்கேதான் அசல் தொல்லை. பலகாரம் தீர்ந்துபோகும், டப்பா தீராது. மூடி ஒரு பக்கம் டப்பா ஒரு பக்கமாகக் கிடக்கிற பிளாஸ்டிக் எந்த வீட்டில் இல்லை?

பனை ஓலைக் கொட்டான் பார்க்க அழகு. ஓரத்தில் நூல் பின்னி மணி கோத்த கொட்டான்கள் ஒரு காலத்தில் நகரத்தார் வீட்டு விசேஷங்களில் புழங்கியவை. முடைகிறவர்கள் குறைந்துபோன நேரத்தில், விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கல்ச்சுரல் பவுண்டேஷன் இந்தப் பகுதிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. பலகாரம் தீர்ந்த பிறகு வெங்காயம் போடலாம், சாவி போடலாம், பழசானால் மண்ணோடு போகும். குறையும் உண்டு: காற்றுப் புகும். தேன்குழலை அப்படியே வைத்துக் கொடுத்தால் மழைக்கால ஈரத்தில் மறுநாளே நமத்துவிடும். அதிரசத்தையோ மாவுருண்டையையோ வாழையிலையோ பட்டர் பேப்பரோ போட்டு வைத்துக் கொடுக்கலாம். முறுக்கு வகைக்குக் கொட்டான் வேண்டாம்.

உள்ளூருக்கு எவர்சில்வர் தூக்கை மிஞ்ச ஒன்றுமில்லை, ஏனென்றால் அது திரும்பி வந்துவிடும். விலாசம், அதாவது வீட்டுப் பெயரெழுத்து, பொறித்த தூக்கு என்றால் யாரும் மறந்தேன் என்று சொல்லமுடியாது. வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாது என்பதால் இரண்டு கரண்டி சர்க்கரையோ அவர்கள் வீட்டுப் பலகாரமோ அதில் வரும். கொடுத்ததும் ஆயிற்று, சாமானும் சேரவில்லை.

சாமானாகக் கொடுத்தால்?

எவர்சில்வர் பாத்திரம் பரிசாக வேண்டவே வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளில் பாத்திரத்துக்கென்றே அறை இருந்தது, சரி. இப்போது இருப்பது பரண். பாத்திரம் எங்கே போய் முடியும் என்று தெரிய வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை போய்ப் பாருங்கள். யாரோ ஒரு ஆச்சிக்குச் சீராக வந்த எனாமல் வாளியும் பித்தளை அடுக்கும், பொறித்த விலாசத்தோடு, பழம்பொருளாக விலைக்கு நிற்கின்றன. நம் ஸ்டீல் டிபன் பாக்ஸுக்கு அந்த யோகம்கூட வாய்க்காது.

காரைக்குடி கண்டாங்கி தாராளமாகக் கொடுக்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பருத்திச் சேலை, கட்டங்களும் அகலக் கரையுமாக அரக்கிலும் மஞ்சளிலும் எடுப்பாக இருக்கும், துவைக்கத் துவைக்க உடம்போடு ஒட்டும். ஆனால் கட்டுகிறவரிடம் நிறத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்காமல் வாங்கிய சேலை பீரோவுக்குத்தான் பரிசு. ஆத்தங்குடித் தரைக்கல்லில் செய்த அலங்காரப் பொருள்கள் தரையில் பார்க்கிற அழகில் பாதிகூட இல்லை, கனம் மட்டும் முழுசாக இருக்கிறது. விட்டுவிடலாம்.

பணம்? கவரில் 501 வைத்துக் கொடுப்பது பிள்ளைகளுக்குச் சரி, வீட்டு வேலைக்கு உதவுகிறவர்களுக்கு அதுவே முதல் மரியாதை. சம்பந்தி வீட்டுக்குக் கவர் மட்டும் போனால் பேச்சு வரும். அங்கே கூடவே ஒரு தூக்கும் போகட்டும்.

என் ஓட்டு கடைசியில் கவுணி அரிசிக்கு. நகரத்தார் கடல் கடந்து வியாபாரத்துக்கு, நம் பேச்சில் 'கொண்டு விற்க', போன காலத்தில் பர்மாவிலிருந்து வந்து நம் விசேஷ இலையில் உட்கார்ந்துகொண்ட கறுப்பரிசி. சமைக்காமல் அரை கிலோ துணிப்பையில் கட்டிக் கொடுத்தால் உடையாது, நமக்காது, காறாது. அவர்கள் தோதுப்பட்ட அன்றைக்குச் சமைத்துக்கொள்ளலாம். பையோடு ஒரு சீட்டு வையுங்கள்: ராத்திரி முழுக்க ஊறவைக்கவும், ஊறின தண்ணீரிலேயே வேகவைக்கவும், நன்றாகக் குழைந்த பிறகே சர்க்கரை சேர்க்கவும், தேங்காய்ப்பூவும் நெய்யும் கடைசியில். சர்க்கரையை முன்னால் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும், அப்புறம் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் வேகாது. இந்த ஒரு வரியை எழுதாமல் கொடுத்தால், அவர்கள் சமையலில் ஆகும் கோளாறுக்குப் பழி உங்கள் அரிசி மேல் விழும்.

மற்றபடி, சீப்புச் சீடை அச்சு இரவல் கேட்கிற யோசனை இருந்தால் புரட்டாசியிலேயே கேட்டு வையுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் சொந்த அக்காகூடத் தரமாட்டார்.