பினாங்கில் 60 நாள் வீடு, விசா என்று காசு கேட்டால்…

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ரிட்டயர் ஆகி, வெளிநாட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இது. நானும் வீட்டுக்காரியும் 1,89,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். ஆளின் பெயரைப் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது.

ஆசை பழையது. என் தாத்தா மலேசியாவின் பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், சமையல் ஆள். மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊர் வந்தாரென்றால் திண்ணையில் பினாங்குக் கதைதான் ஓடும். நாலு நாளில் ஏழு இடம் பார்க்கும் டூர் எங்களுக்கு ஒத்துவராது. ஒரே ஊரில் வீடு எடுத்து, நாமே சமைத்து, பஸ்ஸில் சுற்றிக்கொண்டு ரெண்டு மாசம் இருக்க வேண்டும். பென்ஷனில் முடியாத காரியமில்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம், அங்கிருந்து பினாங்குக்கு பஸ், மலேசிய ரிங்கிட் அப்போது சுமார் 20 ரூபாய்.

டிக்கெட் மகன் போட்டுக்கொடுத்தான். மற்றதற்கு ஊரிலேயே ஓர் ஆபீஸ். அங்கே இருந்த ஏஜென்ட் சொன்னார்: "சார், 60 நாள் விசா, கிச்சனோட கடல் பாத்த வீடு, ஏர்போர்ட் பிக்கப், எல்லாம் சேத்து ரெண்டு பேருக்கு ஒண்ணு எண்பது. டிசிஎஸ் டாக்ஸ் மட்டும் தனியா 9,000." டிசிஎஸ் என்பது விற்பவர் நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன காலத்தில் ஏஜென்ட் என்றால் முதலாளி தன் பெட்டிச் சாவியையே நம்பிக் கொடுத்த ஆள். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது போல. பணம் ஆபீஸ் கணக்குக்குப் போகவில்லை, யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்குப் போனது. ரசீது என்று வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ஜிஎஸ்டி எண் இல்லை. பான் எண்ணை அவர் கேட்கவே இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோலாலம்பூரில் குடிநுழைவு கவுன்ட்டர். 'விசா' என்று லேமினேஷன் போட்டுக் கொடுத்த தாளை நீட்டினேன். அதிகாரி அதைத் தொடக்கூட இல்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது: 30 நாள்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் மலேசியாவில் 30 நாள் வரை விசா இல்லாமலே தங்கலாம். அந்தத் தாள் வெறும் டிஜிட்டல் வருகை அட்டை. பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறைத் தளத்தில் நாமே நிரப்பலாம், காலணா செலவில்லை. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "முப்பது நாள் ஆனதும் தாய்லாந்து பார்டரத் தாண்டிட்டுத் திரும்ப உள்ள வந்துருங்க சார், எல்லாரும் அப்படித்தான்." திரும்பி வரும்போது உள்ளே விடுவதும் விடாததும் அந்த நேரத்து அதிகாரி கையில். இந்த வயசில் அந்தச் சூதாட்டம் எனக்கு எதற்கு?

பிக்கப்புக்கு யாரும் வரவில்லை. பஸ் பிடித்து பினாங்கு போய், தஞ்சோங் பூங்கா என்ற பகுதியில் அவர் கொடுத்த முகவரிக்கு டாக்சி எடுத்தோம். அடுக்குமாடி வாசலில் காவலாளி, நல்லவேளை தமிழ்ப் பையன். என் போனில் இருந்த வீட்டு எண்ணைப் பார்த்தான். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். "அங்கிள், நீங்க காட்டுறது பத்தொம்பதாவது மாடி. இங்க மொத்தமே பதினாலு மாடிதான்." வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் பெட்டி மேல் உட்கார்ந்தாள். அந்தப் பெட்டிக்குள் ரெண்டு மாசத்துக்கான கூழ்வடாமும் மாவடுவும். போன் அதற்குப் பிறகு எடுக்கப்படவில்லை.

அந்தப் பையனே ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு மேல் அறை இருப்பதாகச் சொல்லி அனுப்பினான். பொதுச் சமையலறையோடு 28 நாளுக்கு 1,500 ரிங்கிட், நம் காசில் முப்பதாயிரம். கண்ணால் பார்த்து, குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். டவுனுக்குள் சுற்ற கேட் (CAT) என்ற இலவச பஸ் ஓடுகிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மூன்று தடவை போனோம். 29-ஆம் நாள் கிளம்பி வந்துவிட்டோம். திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டி மாற்றியதில் போன காசு தனி.

ஊர் வந்து, நம் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்பவர் டிசிஎஸ் பிடித்தால் அதை நம் பான் எண்ணில் கட்ட வேண்டும், ரிட்டர்ன் போடும்போது நாம் கழித்துக்கொள்ளலாம். என் கணக்கில் ஒரு வரி கூட இல்லை. அந்த 9,000-மும் அவர் பைக்குத்தான். அதனால் பான் கேட்காமல் 'டாக்ஸ்' வாங்குகிறவரிடம் அதற்கு மேல் பேச்சே வேண்டாம். வீட்டுக்கு மொத்தப் பணமும் முன்னால் கொடுக்காதீர்கள். நாலு நாளுக்கு அறை போட்டுப் போய் இறங்கி, வீட்டை அங்கே தேடுங்கள்.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என்னிடம் இருப்பது ஜிபே விவரமும் வாட்ஸ்அப் அரட்டையும்தான். நல்லவேளை, கோபத்தில் எதையும் அழிக்கவில்லை.

போன வாரம் அந்த ஆபீஸ் வழியாகப் போனேன். கண்ணாடியில் புதுசாக ஒரு போஸ்டர்: 'பாலி, 90 நாள், வீட்டோடு'. பாலியில் இறங்கி வாங்கும் விசா 30 நாள், ஒரு தடவை நீட்டித்தால் 60. உள்ளே ஒரு வயசான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.